லிட்டருக்குப் பதினொன்று

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நான் செய்த முதல் காரியம், உன் கடிதத்தில் இருந்த கிலோமீட்டரை லிட்டரால் வகுத்துப் பார்த்தது. நேற்றே வகுத்தேன். தப்பாக வகுத்திருப்பேனோ என்று ஒரு நப்பாசை. இல்லை. லிட்டருக்குப் பதினொன்றுதான் வருகிறது.

அம்மா பரவாயில்லை. குளிர் தொடங்கியதும் முட்டிவலி தலைகாட்டுகிறது. அவள் அதோடு சண்டை போட்டுக்கொண்டே வீடு முழுக்க நடக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதைப் போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வாக்கியத்திலேயே முட்டிக்கொள்கிறோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு வசதி.

உன் கம்பெனிக் கார் லிட்டருக்குப் பதினெட்டு தர வேண்டும் என்று விளம்பரம் சொல்கிறது, மேலாளர் அதைக் காட்டிக் கேள்வி கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பதினெட்டு, நான் வேலை பார்க்கும் ஆய்வகம் மாதிரி ஒரு கூடத்தில் பிறந்த எண். அங்கே காரை உருளைகள்மேல் ஏற்றி நிறுத்துவோம். சக்கரம் சுற்றும், கார் நகராது. எதிர்காற்று கிடையாது, மேடு கிடையாது, ஹீட்டர் கிடையாது, திடீரென்று குறுக்கே ஓடிவருகிற மனுஷன் கிடையாது. வெளியே வரும் புகையைப் பைகளில் பிடித்து, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்குப் போடுவோம். கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் யாரும் குடியிருக்கவில்லை, யாரும் அவசரமாக எங்கேயும் போகவில்லை. பதினெட்டைத் தெருவில் தேட வேண்டாம் என்று உன் மேலாளரிடம் சொல்.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதே மாடல் கார் மற்ற டிரைவர்களிடம் எவ்வளவு தருகிறது? உன் எண்ணை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

உன் கடிதத்தின் அடியில் உன் மனைவி எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். இந்த முறை காணோம். வேலை அதிகமா, என்மேல் கோபமா?

பார்த்து ஓட்டு.

அக்கா


நவம்பர் 17

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அவளுக்கு உன்மேல் என்ன கோபம்? வேலை அதிகம், அவ்வளவுதான். பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ கேட்ட கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. அதே மாடலில் இன்னும் நாலு கார் இருக்கிறது. எல்லாம் பதினைந்தை ஒட்டி வருகின்றன. என்னுடையது மட்டும் பதினொன்று. போன வருஷம் இதே காரில் நானும் பதினைந்துதான் காட்டினேன்.

எங்கள் கணக்காளரை டிரைவர்கள் ‘சொட்டு’ என்று கூப்பிடுவோம். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக எண்ணுகிற ஆள். போன வாரம் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: “ஏம்பா, உன் காருக்கு மட்டும் தாகம் ஜாஸ்தியா?”

“டிராஃபிக் சார்.”

“மத்தவங்க வந்தா மட்டும் டிராஃபிக் ஒதுங்கி வழி விடுதா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டார். “டியூப் போட்டு உறிஞ்சறவனை எல்லாம் நான் நெறைய பாத்திருக்கேன். வாயில வாசனை வந்துரும்,” என்றார். சொல்லிக்கொண்டே என் முகத்துக்கு நேராகக் குனிந்து மோந்து பார்த்தார். நான் அசையாமல் நின்றேன் அக்கா.

மேலாளர் அன்று விளம்பரத்தைக் காட்டிக் கேட்டதோடு சரி, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. எப்படிச் சரியாக அளப்பது என்று எழுது.

தம்பி


நவம்பர் 22

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த மோந்து பார்த்த இடத்தைத் தாண்டிவிட்டேன். அவளுக்கு இப்போதைக்கு முட்டிவலி போதும்.

கவனமாகப் படி. எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் டேங்கின் மூலையில் காற்று தங்கி, நிரம்பாமலே நிரம்பியதாகக் காட்டும். பம்ப் ‘டக்’ என்று முதல் முறை நின்றதும் கையை எடு. அதற்கு மேல் ஒரு துளி கூடாது. நீ தண்ணீர்க் குடத்தையே வழிய வழிய நிரப்புகிறவன், அதனால் சொல்கிறேன். ஃபுல் டேங்க் போட்டு ஓட்டு, டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி அதே மாதிரி ஃபுல் டேங்க். இரண்டாவது முறை எவ்வளவு ஏறியதோ அதுதான் நீ எரித்தது. ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை செய்து மொத்தமாக வகு. டயர் காற்று சரியாக இருக்கட்டும். மீட்டர் ஓடுவது உண்மையா என்று சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இதெல்லாம் நீ தனியாகச் செய்தால் ஒருவனும் நம்பமாட்டான். பெட்ரோல் போடும்போது உங்கள் கணக்காளர் சொட்டையே கூட்டிக்கொண்டு போ. அளவெடுக்கும் நாட்களில் சாயங்காலம் வண்டியை ஆபீஸில் விட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிடு. காலையில் வாங்கிக்கொள். ராத்திரி வண்டி உன்னிடம் இல்லை என்றால் டியூப், உறிஞ்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆய்வகத்தில் நாங்களும் அப்படித்தான் செய்வோம். சோதனைக்கு முந்தின ராத்திரி காரைப் பூட்டிய கூடத்தில் விட்டுவிடுவோம், யாரும் தொட முடியாது.

அவளையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


டிசம்பர் 12

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை. எல்லாரும் சௌக்கியம்.

நீ சொன்ன மற்றதெல்லாம் செய்துவிடலாம். சாவி கொடுப்பதுதான் கஷ்டம். விடியற்காலையில் விமான நிலையத்துக்கு ஆள் கூப்பிடப் போக வேண்டியிருக்கும். ஆபீஸ் அப்போது திறந்திருக்காது. சாவி இல்லாமல் வேறு வழி இருந்தால் எழுது.

மேலாளர் ஒரு விசாரணைக் குழு போடப்போவதாகப் பேச்சு.

தம்பி


டிசம்பர் 16

தம்பி,

எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை. விசாரணை வரைக்கும் வந்தாயிற்று. ஒரே ஒரு வாரம் சாவியைக் கொடுக்க உனக்கு என்ன தயக்கம்? அந்த ஒரு வாரம் விடியற்காலை வேலையை வேறு டிரைவர் பார்க்கட்டும். சாவியைக் கொடுக்க மறுத்தான் என்று அவர்கள் எழுதிக்கொண்டால் அப்புறம் எந்த எண்ணாலும் உன்னைக் காப்பாற்ற முடியாது.

அன்றைக்கு உன் மனைவிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவளை ஒரு முறை கூப்பிடச் சொல்.

சாவியைக் கொடு. பிறகு எண்கள் பேசட்டும்.

அக்கா


ஜனவரி 5

அக்காவுக்கு,

எண்கள் பேசிவிட்டன.

நீ சொன்ன மாதிரி எல்லாம் செய்தேன். சொட்டு ஒவ்வொரு தடவையும் பங்குக்கு வந்து, பம்ப் நின்றதும் என் கையைத் தட்டிவிட்டார். சாயங்காலம் சாவியை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, மேஜைச் சாவியைப் பூணூல் மாதிரி மார்பில் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம். மொத்தமாக வகுத்ததில் லிட்டருக்குப் பதினைந்து புள்ளி ஒன்று.

எனக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வண்டியில் கோளாறு இல்லையே என்று. சொட்டுதான் தாளைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “சாவி எங்ககிட்ட இருந்தா பதினஞ்சு. உன்கிட்ட இருந்தா பதினொண்ணு. இதுக்கு மேல நான் என்னப்பா சொல்லணும்?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. “போலீஸ் வேணாம்னு பாக்கறேன். எடுத்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சிக்கறோம். வெளிய ஒரு வார்த்த போகாது,” என்றார். பிப்ரவரியில் விசாரணை. அதுவரை ஓட்டச் சொல்லிச் சாவியை மறுபடி என்னிடமே கொடுத்துவிட்டார்கள். விடியற்காலை வேலைக்கு ஆள் வேண்டுமே.

எனக்குக் கொஞ்சம் இருமல். அந்த வாரம் பிடித்தது, விடமாட்டேன் என்கிறது. மற்றபடி எல்லாரும் நலம்.

தம்பி


ஜனவரி 9

தம்பி,

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தில் இதைத் தவிர வேறு ஒன்றும் உன் மனசில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

உன்னை அந்தச் சோதனைக்குள் தள்ளியது நான்தான். எங்கள் கூடத்துப் பழக்கம் அப்படியே கையில் வந்துவிட்டது. சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன். அந்தப் பதினொன்றை உண்டாக்குவது எதுவோ, அதையும் சேர்த்துக் கழித்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது ஒன்று செய். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்கிரீனில் A, B என்று இரண்டு கணக்கு ஓடும். A நீ வேண்டும்போது அழித்துத் தொடங்குவது. சோதனை வாரம் தொடங்கியபோது அழித்துவிட்டு, வாரக் கடைசியில் அது காட்டியதைக் குறித்து வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். B யாரும் தொடாதது. சர்வீஸிலிருந்து வண்டி வந்த நாள் முதல் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டிலும் என்னென்ன எண் தெரிகிறதோ, உனக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும், ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. B-யை மட்டும் அழித்துவிடாதே. தெரியாமல்கூட அந்தப் பொத்தானை அழுத்தாதே.

இருமலுக்கு டாக்டரைப் பார். அவள் கஷாயம் வைத்துத் தரவில்லையா?

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

நலம். இருமல் குறைந்திருக்கிறது.

சோதனை வாரத்துக்கான A: சராசரி மைலேஜ் 15.6. சராசரி வேகம் 34.

B: சராசரி மைலேஜ் 11.4. சராசரி வேகம் 17. வேகம் எல்லாம் உனக்கு எதற்கு என்று தெரியவில்லை. ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

நேற்று ஒரு டிரைவர் என்னிடம் வந்து, “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, லிட்டர் எவ்வளவுக்குக் குடுக்கறீங்க?” என்று மெதுவாகக் கேட்டான். வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறான். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைவலியை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

தம்பி


ஜனவரி 24

தம்பி,

நீ திருடவில்லை. இதை உன் அக்காவாகச் சொல்லவில்லை. நீ திருடமாட்டாய் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை யார் கேட்பார்கள்? இது அளவு சொல்வது.

ஸ்கிரீன் எண்ணுவது டேங்கில் இருக்கும் பெட்ரோலை அல்ல, எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலை. எல்லா ஸ்கிரீனும் கொஞ்சம் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும். சோதனை வாரத்தில் பங்கில் நிரப்பி வகுத்தது பதினைந்தும் சொச்சமும், ஸ்கிரீன் காட்டியது அதைவிட அரை கூட. மற்ற மாதங்களில் ஆபீஸ் வகுத்தது பதினொன்று, ஸ்கிரீன் அதையும் அதே அளவில்தான் கூட்டிக் காட்டுகிறது. ராத்திரியில் யாராவது டியூப் போட்டு எடுத்திருந்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்குள் போயிருக்காது. ஆபீஸ் கணக்கு பதினொன்றுக்கு இறங்கினாலும் ஸ்கிரீன் பதினைந்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. உன் கார் அவ்வளவு பெட்ரோலையும் எஞ்சினுக்குள்ளேயே எரித்திருக்கிறது. வெளியே ஒரு கரண்டிகூடப் போகவில்லை.

இதைக் கண்டுபிடித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னவென்று கேட்டாள். ஆபீஸில் ஒரு கணக்கு நேரானது என்றேன்.

அப்புறம்தான் அந்த வேகத்தைப் பார்த்தேன்.

சராசரி வேகம் என்பது ஓடிய தூரத்தை எஞ்சின் ஓடிய நேரத்தால் வகுப்பது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் எஞ்சின் ஓடினால் அந்த நேரமும் கணக்கில் சேரும். அதே தெருக்கள், அதே நீ. சாவி ஆபீஸில் இருந்த வாரம் முப்பத்திநாலு. மற்ற மாதங்களில் அதில் சரிபாதி. அப்படியானால் வண்டி ஓடிய நேரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஓடாமல் நின்ற இடத்தில் எஞ்சின் இயங்கியிருக்கிறது. ஹீட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் கார் எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பெருக்கிப் பார்த்தேன். பதினைந்து பதினொன்றாகக் குறைவதற்கு அது சரியாக இருக்கிறது.

ராத்திரியில் வண்டி எங்கே நிற்கிறது? அதற்குள் யார் இருக்கிறார்கள்?

பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லாதே. ஆனால் இதை மட்டும் கேள். நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. எங்கள் கூடத்தில் புகைக்குழாயில் தடிமனான ஹோஸை மாட்டி, புகையை வெளியே விடாமல் எஞ்சினைத் தொடக்கூட மாட்டோம். அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் மாதிரியே வரும். இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து வேண்டாம்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீ எடுக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று ஒருவழியாக உங்கள் போனை எடுத்தேன், ஆனால் பேச முடியவில்லை. பக்கத்தில் பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். “அவன் உயிரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு” என்று நீங்கள் கேட்டதற்கு ‘ம்’ என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இருக்கிறார். போன சனிக்கிழமை சம்பளத்தைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் இங்கே இல்லை, அண்ணி. செப்டம்பர் கடைசியிலிருந்து இல்லை. உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லாமல் எப்படி மூன்று நாலு மாதம் கடிதம் எழுதினார்? நண்பர் அறையில் தங்கியிருப்பதாகத்தான் என்னிடம் சொன்னார். காரில் என்பது நீங்கள் கேட்டுத்தான் தெரியும்.

நான் துரத்தினேன் என்று நினைப்பீர்கள். ஒருவகையில் அப்படித்தான். அவர் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் என்ன கேட்டாலும் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்பார். நான் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோதும் அதே பதில். வேலையில் சம்பளம் குறைத்தபோதும் அதே பதில். ஒரு சுவரோடு குடித்தனம் நடத்துவது போல இருந்தது. ஒருநாள், உண்மையாக ஒரு வார்த்தை பேச வரும்போது வாங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வருவார் என்று நினைத்துத்தான் சாத்தினேன்.

பெண்ணிடம் அப்பா வெளியூர் டியூட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். பரீட்சை முடியட்டும் என்று.

பெட்ரோல் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எடுக்கமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நீ அவளிடம் பேசிவிட்டாய் என்று தெரியும். நேற்று ஆபீஸ் வாசலில் வந்து நின்று என்னைத் திட்டினாள். “சாகறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க,” என்றாள். திட்டிவிட்டு, பையிலிருந்து இரண்டு கம்பளியை எடுத்துக் காரின் பானட்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசத்தான் நினைத்தேன், அதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ராத்திரி எஞ்சினைப் போடுவதில்லை. சத்தியமாக. உன் போனைப் பார்த்தேன். எடுத்திருந்தால் உன் குரலைக் கேட்டதும் சொல்லியிருப்பேன். அதனால்தான் எடுக்கவில்லை.

வண்டி சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் நிற்கும். வாட்ச்மேன் ஒன்றும் கேட்கமாட்டார். காலையில் பங்க் கழிப்பறையில் குளித்து, சட்டை மாற்றி, எல்லாருக்கும் முன்னால் ஆபீஸில் இருப்பேன். நேரத்துக்கு வருவதில் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார். நீ சாவி கொடுக்கச் சொன்ன வாரம் பஸ் நிலையத்துப் பெஞ்சில் படுத்தேன். இருமல் அங்கே வந்ததுதான்.

இப்போது நான் கேட்பதை நீ செய்ய வேண்டும். ஆபீஸுக்கு எதுவும் எழுதாதே. எஞ்சினில்தான் எரிந்தது என்றால் ஏன் எரிந்தது என்பார்கள். மேலாளர் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. ‘உங்க அப்பா கார்ல தூங்கறாராமே’ என்று அவள் காதில் விழுந்தால், பரீட்சை இருக்கட்டும், அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? தாளில் கையெழுத்துப் போட்டால் வெளியே வராது என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். விசாரணை திங்கட்கிழமை, பதினாறாம் தேதி. போட்டுவிடுகிறேன். நான் எடுக்கவில்லை என்று உனக்கும் அவளுக்கும் தெரியும். எனக்கு அது போதும்.

அம்மாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே, அக்கா.

தம்பி


பிப்ரவரி 15

தம்பி,

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போடப்போவதில்லை. போட்டாலும் எனக்குப் பிறகுதான் வந்து சேரும்.

வியாழக்கிழமை உனக்கு ஒரு கடிதம் போட்டேன். ‘உன் விருப்பம்’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, தன் மானத்தை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

நேற்று அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். “அவன்கிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சே, எப்படி இருக்கானாம்?” என்றாள். என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. “எல்லாம் நல்லா இருக்கும்மா,” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. நீ இதை எங்கே கற்றாய் என்று உன் மனைவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா வேலை போன பிறகும் மூன்று மாதம் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்த வீடு இது. நாம் எல்லாரும் அந்த வீட்டில்தான் வளர்ந்தோம்.

முதலில் பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். விசாரணையில் போய் நின்று, ஸ்கிரீனை நீங்களே பாருங்கள், எஞ்சினில்தான் எரிந்திருக்கிறது, திருட்டு இல்லை என்று மட்டும் சொல்வது. ஏன் எரிந்தது என்று கேட்டால் தெரியாது என்பது. ஆனால் சொட்டு விடமாட்டார். ராத்திரியில் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே நிறுத்தினான் என்று கேட்பார். அவர்களே ஒரு பதிலைத் தயாரித்துக்கொள்வார்கள். அது நீ இப்போது கையெழுத்துப் போடவிருக்கும் தாளைவிடக் கேவலமாக இருக்கும். சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது.

எதிர் சீட்டில் ஒருவர் தூங்குகிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நான் அடிக்கடி நிமிர்ந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். ஜனவரியிலிருந்து எனக்கு இப்படி ஆகிவிட்டது.

ஆய்வகத்தில் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். அம்மாவிடம் ஆய்வகத்தில் வெளியூர் வேலை என்று சொன்னேன். உன் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள், நீ அதற்கு முன்பே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாய்.

இன்று சாயங்காலம் நேராக உன் வீட்டுக்குப் போவேன். உன் பெண்ணை அவள் அம்மாவுக்கு முன்னாலேயே உட்காரவைத்து, அப்பா எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்று சொல்வேன். வகுப்பில் யாரோ சொல்லி அவள் கேட்க வேண்டாம். அத்தை சொல்லிக் கேட்கட்டும். அழுவாள். பரீட்சை கெட்டாலும் கெடலாம். அவள் அம்மா என்னை வெளியே போகச் சொல்லவும் கூடும். காலையில் உன் ஆபீஸுக்கு வருவேன். உள்ளே விடவில்லை என்றால் உன் காருக்குப் பக்கத்தில் நிற்பேன், B-யை அவர்கள் வந்து பார்க்கும்வரை. கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன், கிடங்குக்குப் பின்னால் நின்றது வரைக்கும்.

அதன்பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு.

சொல்லாதே என்று நீ எழுதியது என் கண்ணில் படவில்லை என்று சாக்குச் சொல்லமாட்டேன். படித்தேன். பல தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன்.

அக்கா